தேசப்படத்தில் இல்லாத ஓடை

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் ஒழுங்கு செய்த ஒன்றுகூடலில், சுற்றாடல் ஆலோசனைத் துறையில் தேசப்படம் வரையும் பணியிலுள்ள பழைய மாணவிகள் இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த மண்டபத்தில் நாம் இருவரும் கடைசியாக மேடை ஏறியது ஒரு பரிசளிப்பு விழாவில், அதுவும் குழுப்பாட்டின் பின்வரிசையில். இன்று ஒலிவாங்கியை எம்மிடம் தந்திருக்கிறீர்கள். பேச்சுப் போட்டியில் ஒருநாளும் பரிசு பெறாத இருவரிடம் தந்திருக்கிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி வைக்கிறோம்.

உயர்தரக் கலைப்பிரிவில் நாம் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். புவியியல் பாடத்துக்கு எமக்கு வாய்த்த ஆசிரியை எங்களை வகுப்பறையில் அதிக நேரம் இருக்க விட்டதில்லை. வாசலில் இருந்து கோயிலடி வரை காலடியை எண்ணிக்கொண்டு நடந்து, கண்டதையெல்லாம் தாளில் குறிக்கச் சொல்லுவார். மழை நாளில் மட்டும் அலுமாரியைத் திறந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஓரங்குலப் படத்தை விரிப்பார். ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும், அதாவது ஒன்றுக்கு 63,360 என்று நாம் பாடமாக்கியது அந்த மேசையில்தான்.

ஒருநாள் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், மலைநாட்டுப் படத்தில சமவுயரக்கோடு நெருக்கமா ஓடுது. எங்கட குடாநாட்டில ஒரு கோடும் இல்லையே?" ரீச்சர் சொன்னார்: "அந்தப் படத்தில 100 அடிக்கு ஒரு கோடு. எங்கட நிலம் 100 அடிக்கு எழும்பாது. கோடு இல்லையெண்டா மேடு பள்ளம் இல்லையெண்டு நினைச்சுப் போடாதேங்கோ."

பரீட்சைக்கு வராத விடயம் என்று அன்று நாம் அதை எழுதி வைக்கவில்லை. பிற்காலத்தில் எமது தொழிலில் மிகவும் விலைகொடுத்துப் படித்த பாடம் அதுதான். அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் எமது தொழில் என்ன என்பதைச் சொல்லவேண்டும். ஊரில் கேட்பவர்களுக்கு "படம் கீறுற வேலை" என்றுதான் சொல்லுவோம். அதற்கு ஒரு மூதாட்டி "அப்ப சித்திர ரீச்சரோ?" என்று கேட்டார்.

ஒரு வீதியோ துறைமுகமோ விடுதியோ காற்றாலையோ வருவதற்கு முன்னர், அது அந்த இடத்தின் மண்ணுக்கும் நீருக்கும் உயிர்களுக்கும் மக்களுக்கும் என்ன செய்யும் என்று ஆராயவேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. எந்தெந்தத் திட்டங்களுக்கு இந்த மதிப்பீடு வேண்டும் என்ற பட்டியல் 1993இல் வர்த்தமானியில் வெளிவந்தது. ஆலோசனை நிறுவனங்கள் இந்த ஆய்வைச் செய்கின்றன. அங்கே பறவைகளை அறிந்தவர் ஒருவர், மண்ணை அறிந்தவர் ஒருவர், சமூகத்தை ஆராய்பவர் ஒருவர் என்று ஒரு குழு இருக்கும். அவர்கள் கண்டதையெல்லாம் ஒரே நிலத்தின் மீது அடுக்கி, எது எங்கே இருக்கிறது, எது எதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று காட்டுவது எமது வேலை. புவியியல் தகவல் முறைமை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

அடுக்குவது என்றால் உண்மையாகவே அடுக்குவதுதான். நிலப்பயன்பாடு ஓர் அடுக்கு, நீர்நிலைகள் இன்னோர் அடுக்கு, வீடுகள், கிணறுகள், கோயில்கள், பாடசாலைகள், கண்டல் காடுகள் என்று ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. அதன்மேல் வரப்போகும் வீதியின் கோட்டைப் போட்டு, இருபுறமும் இத்தனை மீற்றருக்குள் என்னென்ன அகப்படுகின்றன என்று கணினியிடம் கேட்போம். பதில் ஒரு நொடியில் வரும். அந்தப் பதில் சரியாக இருப்பதற்கு முன்னே பல வாரங்கள் வேலை செய்யவேண்டும்.

அந்தப் பல வாரங்களில் பெரும்பகுதி பெயர் திருத்துவதில் போகும் என்றால் நம்புவீர்களா? ஒரு திணைக்களத்தின் பட்டியலில் ஊர்காவற்றுறை என்று இருக்கும். இன்னொன்றில் கயிற்ஸ் என்று இருக்கும். நெடுந்தீவு ஓரிடத்தில் டெல்ப்ற் ஆகும். பருத்தித்துறை பொயின்ற் பீற்றோ ஆகும். எமக்கு அவை ஓர் ஊர். கணினிக்கோ அவை இரண்டு ஊர்கள். அதனால்தான் கிராம அலுவலர் பிரிவுகளைப் பெயரால் இணைக்காமல் இலக்கக் குறியீட்டால் இணைக்கப் பழகினோம்.

அடுத்தது அளவுத்தளம். எமது நாட்டில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளாக அளந்த படங்கள் எல்லாம் ஒரே கணக்கில் இல்லை. பழைய மீற்றர் படங்கள் கந்தவளை அளவுத்தளத்தில் இருக்கின்றன; பின்னர் 1999இன் புதிய அளவுத்தளம் வந்தது. இரண்டுக்கும் பிதுருதலாகலைதான் தொடக்கப் புள்ளி. ஆனால் பழைய கணக்கில் அந்த மலைக்குக் கொடுக்கப்பட்ட எண்கள் கிழக்கே 200,000, வடக்கே 200,000. புதிய கணக்கில் இரண்டுமே 500,000. ஒன்றை மற்றதாக எடுத்தால் புள்ளி 300 கிலோமீற்றர் கிழக்கே அல்லது மேற்கே, 300 கிலோமீற்றர் வடக்கே அல்லது தெற்கே போய் விழும். அந்தப் பிழையை யாரும் பார்த்தவுடன் பிடித்துவிடலாம்.

பிடிக்க முடியாதது சின்னப் பிழை. கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். வேறோர் உலக அளவுத்தளத்தில் இடத்தைச் சொல்லும். அதை மாற்றாமல் பழைய படத்தில் போட்டால் 200 மீற்றர் அளவில் விலகி நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நாம் குறித்த ஒரு கோயில் கிணறு கடலுக்குள் நின்றது. பார்த்துச் சிரித்தோம், திருத்தினோம். பிறகுதான் பயம் வந்தது. அந்தக் கிணறு கரையில் இருந்தபடியால் கடலில் விழுந்தது, நாமும் கண்டோம். ஊருக்குள்ளே இருந்திருந்தால் பக்கத்து வளவில் விழுந்திருக்கும். ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் கரையோர வலயம் என்பது சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர். அந்த 300இல் 200 மீற்றர் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் வீடு சட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதே மாறிப்போகும்.

எழுத்தில் ஒரு வசனம் பிழைத்தால் வாசிப்பவர் சந்தேகப்படுவார். படத்தில் பிழைத்தால் சந்தேகப்பட மாட்டார். நிறமும் அளவுகோலும் வடக்குக் குறியும் போட்ட படத்தை எல்லோரும் நம்புவார்கள். வரைபவளுக்கு இது பெருமை அல்ல, பொறுப்பு.

இனி அந்த ஓடைக்கு வருகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர், குடாநாட்டின் கரையோரமாக ஒரு வீதித் திட்டத்துக்கான படங்களை நாம் வரைந்தோம். இருந்த தாழ்ந்த வீதியை உயர்த்தி அகலமாக்குவது திட்டம். இடத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே சொல்லத் தேவையில்லை. நீர்நிலை அடுக்குக்குச் செய்மதிப் படம் தேடினோம். சென்டினல் என்னும் ஐரோப்பியச் செய்மதிகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு சதுரம் 10 மீற்றருக்கு 10 மீற்றர். எங்கள் கணக்கில் சொன்னால், ஒரு பரப்புக் காணிக்கு இரண்டரைச் சதுரம். பழைய லான்ட்சட் படங்களில் ஒரு சதுரம் 30 மீற்றர். அதற்குள் மூன்றரைப் பரப்பு அடங்கிவிடும். ஆகவே சென்டினல் நல்ல படம்தான்.

நல்ல படம் என்றால் முகில் மறைக்காத படம் என்று நினைத்தோம். தேடித் தேடி ஆடி மாதத்தில் கண்ணாடி போல் ஒரு படம் எடுத்தோம். அதில் வீதியின் இருபுறமும் வெளிறிய வெறும் நிலம். "தரிசு நிலம்" என்று நிறம் கொடுத்தோம். உயரத் தரவையும் பார்த்தோம். 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த அந்தத் தரவில் பல மீற்றர் பிழை வரக்கூடும். மலைநாட்டுக்கு அது போதும். அரை மீற்றர் தாழ்வே தண்ணீரின் போக்கைத் தீர்மானிக்கும் எமது நிலத்துக்கு அது போதாது. அது எமக்குத் தெரியும். தெரிந்தும், காலம் போதாது என்று இரண்டு நாள் மட்டும் களத்துக்குப் போனோம். அதுவும் ஆவணியில். படம் அழகாக வந்தது. அறிக்கையோடு போனது.

சட்டப்படி அந்த அறிக்கை 30 வேலை நாட்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். அந்த நாட்களுக்குள், கார்த்திகையில், வேறொரு வேலையாக அதே வழியால் முச்சக்கரவண்டியில் போனோம். மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நாம் தரிசு என்று நிறம் கொடுத்த இடத்தில் முழங்கால் அளவுக்கு நீர், நின்ற நீரல்ல, வீதியைக் குறுக்கறுத்துக் கடல்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு வந்த ஓர் ஆச்சியிடம் கேட்டோம். "ஆச்சி, இதில எப்பவும் இப்பிடியோ?"

"ஆர் பிள்ளையள் நீங்கள்? உது ஓடையெல்லோ. இந்தக் காணிக்குப் பேரே ஓடைக்கரை. மாரிக்கு முழுத் தண்ணியும் உதாலதான் இறங்கும். போன கோடைக்கு ரண்டு பிள்ளையள் வந்து படமெடுத்துக்கொண்டு போனவை. என்னட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அந்த இரண்டு பிள்ளைகளும் நாம்தான். ஆச்சிக்கு அது தெரிந்துதான் சொன்னாரோ தெரியாது. நாம் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்வரை இருவரும் பேசவில்லை.

முகிலில்லாத படம் வேண்டும் என்று தேடியதனால், தண்ணீரில்லாத படம் எமக்குக் கிடைத்திருந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் எமக்கு மழையின் பெரும்பங்கைத் தருகிறது. மழை வரும் காலத்தில் முகில் இருக்கும், முகில் இருக்கும் காலத்துப் படத்தை நாம் தள்ளிவிடுவோம். இப்படி ஒவ்வொரு ஆய்விலும் எமது நிலம் கோடையில் மட்டும் படமாகிறது. வீதியை உயர்த்தி அந்த ஓடையை அடைத்தால், நீர் பின்னால் இருக்கும் வீடுகளுக்குள் ஏறும். அடைக்கவேண்டாம் என்று சொல்ல எவருக்கும் காரணம் இல்லை, ஏனென்றால் எமது படத்தில் ஓடை இல்லை.

அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் திட்டப் பொறுப்பாளரிடம் சொன்னோம். அவர் கெட்டவர் அல்லர். "படம் போயிட்டுது பிள்ளையள். இப்ப நாங்களே பிழையெண்டு எழுதினால் முழு அறிக்கையையும் சந்தேகப்படுவினம். சனம் ஆராவது எழுதினால் பாப்பம்" என்றார். ஆங்கிலத்தில் இருக்கும் படத்தைப் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பார்த்து, அதில் என்ன இல்லை என்று கண்டுபிடித்து, ஓடைக்கரை ஆச்சி எழுதுவாரா?

எங்களில் ஒருத்தியின் ஒப்பந்தம் அந்த மார்கழியோடு முடிய இருந்தது. மற்றவளின் வீட்டில் தம்பியின் படிப்புச் செலவு இருந்தது. வீரக்கதை சொல்ல நாம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தோம். ஒருத்தி எழுதுவோம் என்றால் மற்றவள் பொறுப்போம் என்றாள். அடுத்த நாள் அது மாறி நடந்தது. கடைசியில் எழுதினோம். நிறுவனத்துக்குத் தெரியாமல் எழுதவில்லை. அவர்களுக்கே எழுத்தில் கொடுத்து, திருத்திய படத்தையும் கூடவே வைத்து, அனுப்பும்படி கேட்டோம்.

திருத்திய படத்தை இம்முறை வேறு விதமாகச் செய்தோம். ரேடார்ச் செய்மதிப் படம் எடுத்தோம். அது முகிலுக்குள்ளாலும் பார்க்கும். அமைதியான நீர்ப்பரப்பு அதில் கறுப்பாகத் தெரியும். 2014இல் இருந்து அவையும் இலவசமாகக் கிடைக்கின்றன. கார்த்திகை, மார்கழிப் படங்களைப் பல வருடங்களுக்கு அடுக்கியபோது கறுப்புக் கோடு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தது. அதோடு நிற்கவில்லை. வீடு வீடாகப் போனோம். "வெள்ளம் எந்தப் படி வரைக்கும் வந்தது?" என்று கேட்டு, சுவரில் கறை காட்டிய இடத்தில் நாடாவைப் பிடித்து அளந்தோம். பெண்கள் என்றபடியால் எம்மைக் குசினி வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். எந்த அடுப்பு எந்த வருடம் நனைந்தது என்று அவர்களுக்குத் தெரியும். "கலியாணம் முடிச்சாச்சோ?" என்ற கேள்விக்கும் வீட்டுக்கு வீடு பதில் சொன்னோம். தேநீரும் குடித்தோம்.

காணிகளின் பெயரையும் எழுதினோம். எமது உறுதிகளில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு அல்லவா? கலட்டி என்றால் கல்லுத்தரை. பிட்டி என்றால் மேடு. தரவை என்றால் மாடு மேயும் வெளி. ஓடை என்றால் நீர் போகும் வழி. செய்மதி பறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்னரே இந்த நிலத்தை அளந்து பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களையும் ஓர் அடுக்காகப் போட்டபோது, ரேடாரின் கறுப்புக் கோடு ஓடை என்று பெயருள்ள காணிகளின் மேலாகவே போயிற்று.

திருத்திய படம் உரிய இடத்துக்குப் போனது. நாம் நீர்வழி என்று காட்டிய மூன்று இடங்களில் இரண்டில் மதகு வைத்தார்கள். மூன்றாவதில் வைக்கவில்லை. ஆச்சியின் ஓடைக்கு மதகு உண்டு. மூன்றாவது இடத்தில் நான்கு வீடுகளின் முற்றத்தில் மாரிக்கு இன்றும் தண்ணீர் நிற்கிறது. மார்கழியில் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. ஒருத்தி ஆறு மாதம் வீட்டில் இருந்தாள். இப்போது இருவரும் வேறிடத்தில் வேலை செய்கிறோம். அங்கே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம்: மாரியில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை களத்துக்குப் போகாமல் நீர்நிலைப் படத்தில் எமது பெயரைப் போடமாட்டோம். எல்லா நேரமும் அது நடப்பதில்லை. நடக்காத வேளையில் படத்தின் அடியிலேயே "கோடைகாலத் தரவு மட்டும்" என்று எழுதுகிறோம். வெறுமையாக விட்ட இடத்தில் ஒன்றுமில்லையா, அல்லது நாம் பார்க்கவில்லையா என்பது பார்ப்பவருக்குத் தெரியவேண்டும்.

தங்கைமாரே, இந்தத் துறைக்கு வர விரும்பினால் கதவுகள் பல உண்டு. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் புவியியல் படிக்கலாம். சப்ரகமுவவில் புவித் தகவலியலுக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. தியத்தலாவையில் நில அளவைக்கான நிறுவகம் உண்டு. கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்குக் கணினி வராது என்று சொன்னால் நம்பாதேயுங்கள், எமக்கு வந்தது. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். இன்றிரவே தொடங்கலாம். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், நாயை விரட்ட ஒரு தடி, களப்புச் சேற்றுக்கு மாற்றுச் செருப்பு: இவை பல்கலைக்கழகத்தில் சொல்லித்தர மாட்டார்கள், நாம் சொல்லுகிறோம்.

கடல்கடந்து வாழும் அக்காமாரிடமும் இந்த மலரின் வழியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் ஓர் உறுதி இருக்கலாம். அதில் காணியின் பெயரும் நாற்புற எல்லையும் இருக்கும். உங்கள் அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ எந்த ஒழுங்கையால் வெள்ளம் இறங்கும், எந்தக் குளம் எப்போது தூர்ந்தது என்று தெரிந்திருக்கும். அதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். உறுதியின் படம் வேண்டாம். பெயரும் ஞாபகமும் போதும். இந்த நூற்றாண்டு வருடத்தில், கல்லூரியைச் சுற்றி ஒரு மைலுக்குள் இருக்கும் குளம், கேணி, ஓடை, வாய்க்கால் அத்தனையையும் உயர்தரப் புவியியல் மாணவிகள் நடந்து குறிப்பதற்கு அதிபர் அவர்கள் அனுமதி தந்திருக்கிறார். ஒரு நடை கோடையில், ஒரு நடை மாரியில். நாம் கூட வருவோம். படத்தை வரைந்து புவியியல் அறைச் சுவரில் மாட்டித் தருவது எமது பொறுப்பு.

எங்கள் ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், அன்று எழுதி வைக்காத வசனத்தை இப்போது எழுதி வைத்துவிட்டோம். படம் முடிந்ததும் முதலில் உங்களிடம்தான் கொண்டுவருவோம். சிவப்புப் பேனையோடு இருங்கள்.